கிணற்றுத் தண்ணீர்ச் சோதனையைக் கைப்பேசியில் பதியும்போது வரும் கோளாறுகள்: எங்கே பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் கிணறு, போர்வெல், குழாய்த் தண்ணீரைக் கிட் வைத்துச் சோதித்து, முடிவைக் கைப்பேசியில் ஏற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பதிவுகளைப் பின்னால் உட்கார்ந்து சரிபார்ப்பவர்களுக்கும் இது உதவும். ஒவ்வொரு கோடையிலும் அதே கோளாறுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. படிவம் நிரப்பி அனுப்பும் செயலிகளான ஓடிகே கலெக்ட், கோபோ கலெக்ட் இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் திரைகள் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் கோபோ செயலியே ஓடிகேயிலிருந்து கிளைத்தது. வேறு செயலி வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர் மாறும், பார்க்க வேண்டிய வரிசை மாறாது.

## எதைத் தொடுவதற்கும் முன்

செயலியை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ‘கிளியர் டேட்டா’வும் கொடுக்காதீர்கள். அனுப்பப்படாத படிவங்கள் உங்கள் போனுக்குள் மட்டும்தான் இருக்கின்றன. செயலியை நீக்கினால் அவையும் சேர்ந்து அழிந்துவிடும், எந்த சர்வரிலிருந்தும் திரும்ப எடுக்க முடியாது. ‘எடுத்துட்டு மறுபடி போடுங்க, சரியாயிடும்’ என்பதுதான் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். இடம் காலி செய்து தருகிறோம் என்று வரும் கிளீனர் செயலிகளும் வேண்டாம்.

இன்னொன்று, நோட்டுப் புத்தகம். கிணற்று எண், தேதி, நேரம், அளவீடுகள் இவ்வளவும் குப்பி கையில் இருக்கும்போதே பேனாவால் எழுதப்பட வேண்டும். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இந்த நோட்டுதான் மருந்து.

## படிவம் போய்ச் சேரவில்லை

“அக்கா, நேத்தே அனுப்பிட்டேனுங்க, உங்களுக்கு வரலீங்களா?” என்று போன் வந்தால், முதலில் அந்தப் படிவம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். செயலியின் முதல் பக்கத்தில் மூன்று இடங்கள் உண்டு: டிராஃப்ட்ஸ், ரெடி டு சென்ட், சென்ட்.

டிராஃப்ட்ஸில் இருக்கிறது. படிவம் முடிக்கப்படவே இல்லை, பாதியில் சேமிக்கப்பட்டிருக்கிறது. திறந்து கடைசிப் பக்கம் வரை போய் ஃபைனலைஸ் கொடுங்கள். ஏற்க மறுத்தால் எந்தக் கேள்வியில் சிக்கலோ அங்கே செயலியே கொண்டு போய் நிறுத்தும். கட்டாயக் கேள்வி ஒன்று காலியாக இருக்கும், அல்லது எண் எல்லையைத் தாண்டியிருக்கும். விடுபட்டதை நோட்டைப் பார்த்து நிரப்புங்கள். நோட்டிலும் இல்லையென்றால், படிவம் நகரட்டும் என்று ஏதோ ஓர் எண்ணைப் போட வேண்டாம். டிராஃப்டாகவே விட்டுவிட்டு, படிவம் தயாரித்தவரைக் கூப்பிடுங்கள்.

ரெடி டு சென்டில் இருக்கிறது. உங்கள் வேலை முடிந்தது, நெட் வேலைதான் பாக்கி. பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை, ஆனால் பேச முடிகிறது என்றால் அது எல்லைப் பிரச்சினையாக இருக்கலாம். வேலந்தாவளம், நடுப்புணி, மீனாட்சிபுரம் பக்கம் நிற்கிற போன் ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும், பத்து அடி நகர்ந்தால் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். இரண்டும் வெவ்வேறு தொலைத்தொடர்பு வட்டங்கள். சில போன்களில் ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருந்தால் பக்கத்து வட்டத்து டவரில் பேச்சு கேட்கும், நெட் வராது. சிம் செட்டிங்கில் அதைப் போட்டுவிடுங்கள். பிறகு ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் போன் டவரைப் புதிதாகத் தேடும்.

நெட் நன்றாக இருந்தும் போகவில்லையா? செயலியின் செட்டிங்ஸில் ‘ஆட்டோ சென்ட்’ வைஃபைக்கு மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். அதுவும் சரி என்றால் படங்களின் கனம்தான் காரணம். கிணறு, கிட், குப்பி, நிற அட்டை என்று நாலு படம் முழு அளவில் எடுத்தால், சிக்னல் ஒரு கோடாக இருக்கும் இடத்தில் பாதியில் அறுந்துபோகும். படிவ செட்டிங்கில் ‘இமேஜ் சைஸ்’ஸைச் சிறியதாக, 1024 பிக்சலுக்கு மாற்றுங்கள், நிறம் பார்க்க அது போதும். இந்த மாற்றம் இனி எடுக்கும் படங்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே தேங்கியதை வைஃபை கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்துதான் அனுப்ப வேண்டும்.

அனுப்பும்போது சிவப்பில் ஏதாவது எழுதி வந்தால் அதை மூடிவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடவுச்சொல் கேட்டால், ஒருங்கிணைப்பாளர் அதை மாற்றியிருப்பார், புதியதை வாங்கிப் போடுங்கள். ‘அப்படி ஒரு படிவம் இல்லை’ என்ற பொருளில் வந்தால், சர்வரில் பழைய படிவத்தை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இதற்கு மேல் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, சர்வர் பார்க்கிறவரிடம் படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

சென்டில் இருக்கிறது. போன் தன் வேலையைச் செய்துவிட்டது. அலுவலகத்தில் இருப்பவர்தான் தேட வேண்டும். தேதி வடிகட்டி போட்டிருக்கிறதா, போன வருஷத்துப் புராஜெக்டுக்குள் போய் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

போனே எழவில்லை. ரிப்பேர் கடைக்குப் போகும்போது ‘டிஸ்ப்ளே மட்டும் மாத்துங்க, சாஃப்ட்வேர் போடாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க’ என்று சொல்லிக் கொடுங்கள். ரீசெட் தவிர வழியே இல்லை என்றால், முதலில் நோட்டில் எல்லாப் பதிவும் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

## இடம் தப்பாக விழுகிறது, அல்லது விழவே இல்லை

லொகேஷன் அனுமதி அணைந்திருப்பதுதான் எளிய காரணம். செயலிக்கு அனுமதி கொடுத்து, ‘துல்லிய இடம்’ என்பதையும் போடுங்கள். தகரம் வேய்ந்த மோட்டார் ரூமுக்குள்ளும் அடர்ந்த தென்னந்தோப்புக்குள்ளும் ஜி.பி.எஸ். தடுமாறும். வானம் தெரியும் இடத்துக்கு வந்து, திரையில் காட்டும் துல்லியம் 5 மீட்டரை நெருங்கும்வரை பொறுங்கள். காலையில் முதல் கிணற்றில், நெட் இல்லாத இடத்தில், இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ஐம்பது மீட்டர் துல்லியத்திலேயே சேமித்துவிட்டால், எல்லையோரக் கிணறு வரைபடத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அது எந்தப் பஞ்சாயத்துக் கணக்கிலும் வராது.

வரைபடத்தில் புள்ளி விழுந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் விழுந்தால் இரண்டு எண்களும் பூஜ்யம், அதாவது இடம் பதிவாகவே இல்லை. வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம் விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. நம் பகுதிக்கு முதல் எண் 10-லும் இரண்டாவது 76-லும் தொடங்க வேண்டும். கையால் எழுதி ஏற்றுகிறவர்கள் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். நான்கோடு நிறுத்தினால் கடைசி இலக்கத்தின் ஒவ்வொரு படியும் சுமார் 11 மீட்டர். நெருக்கமான வீடுகளில் அது பக்கத்து வீட்டுக் கிணறு.

## எண் நம்பும்படி இல்லை

நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். போனைத் திட்டுவதற்கு முன் மீட்டரையும் குப்பியையும் பாருங்கள்.

டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மிகக் குறைவு. போன முறை 1,400-க்கு மேல் இருந்த போர்வெல், இந்த முறை 145. மழை பெய்து தண்ணீர் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். பேனா மாதிரி இருக்கும் மலிவு மீட்டர்கள் பலவற்றில், அளவு ஆயிரத்தை நெருங்கியதும் திரையின் ஓரத்தில் ‘×10’ என்ற சின்ன அடையாளம் தோன்றும். வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. 145 என்று காட்டினால் உண்மை 1,450. திரையைக் கையால் மறைத்துப் பார்த்து எழுதுங்கள். மீட்டர் திரையைப் படமெடுத்துப் படிவத்தில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடையாளம் இல்லையென்றால் அலகைப் பாருங்கள். சில மீட்டர்கள் ஒரு பொத்தானில் மின்கடத்துத்திறனுக்கு மாறிவிடும். டி.டி.எஸ். பொதுவாக அந்த எண்ணில் பாதியிலிருந்து பத்தில் ஏழு பங்கு வரை வரும். ஆகவே ஒரு நாள் முழுக்க எல்லாக் கிணறும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறியிருந்தால் பொத்தான் மாறியிருக்கிறது. அதுவும் இல்லையா, ஒரே டம்ளர் தண்ணீரில் இரண்டு மீட்டர்களை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், அளவு தெரிந்த உப்புக் கரைசலில் சரிசெய்யும்வரை அந்த மீட்டரை ஒதுக்கி வையுங்கள்.

பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) எல்லா இடத்திலும் ஒரே எண். மீட்டர் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்திருக்கும். ஈரமாக வைக்க வேண்டிய பொருள் அது. கிட்டில் வரும் பொட்டலக் கரைசல்களில் முதலில் 7-ஐ ஒட்டியதிலும், அப்புறம் 4-லோ 9-ஐ ஒட்டியதிலோ சரிசெய்யுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் முனையை மாற்ற வேண்டும், சில மலிவு வகைகளில் மீட்டரையே மாற்ற வேண்டும். ஒப்பிட ஒரு அடையாளம்: கேரளத்தின் செம்பாறைப் பகுதிக் கிணறுகளில் பி.எச். 6-க்குக் கீழே போவது சகஜம். நம் கிழக்குப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் அப்படியல்ல, பொதுவாக 7-க்கு மேல்தான் இருக்கும். இங்கே 5.5 வந்தால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

புளோரைடு 15 அல்லது முழு எண்கள் மட்டும். படிவத்தில் அந்தக் கேள்வி முழு எண்ணாக அமைக்கப்பட்டிருந்தால் புள்ளி வைக்க முடியாது. 1.5 எழுத நினைத்தவர் 15 என்றோ 2 என்றோ போட்டுவிடுவார். களத்தில் இருப்பவர் இதைச் சரிசெய்ய முடியாது, படிவம் தயாரித்தவர்தான் தசம எண்ணாக மாற்ற வேண்டும். அதுவரை உண்மையான எண்ணைக் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள்.

புளோரைடு ஏறி இறங்குகிறது. கிட்டில் சொன்ன நிமிடம் வரை காத்திருந்து நிறம் பார்த்தார்களா? தண்ணீரின் அளவு சிரிஞ்சில் சரியாக எடுக்கப்பட்டதா? மருந்தின் காலாவதித் தேதி என்ன? குளோரின் போட்ட தண்ணீரா? குளோரின் கிட் மருந்தின் சாயத்தை வெளுக்க வைக்கும், புளோரைடு இருப்பதுபோல் பொய் சொல்லும். முதல் மூன்றுக்கும் செலவு இல்லை. நான்காவதுக்குக் குளோரின் சேர்க்கும் முன்பான தண்ணீரை எடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறி இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சோதனை செய்யுங்கள். அதிலும் புளோரைடு காட்டினால் மருந்துப் பெட்டியையே மாற்றியாக வேண்டும்.

நைட்ரேட் நான்கு மடங்கு குறைவு. ஒரு கிட் நைட்ரேட்டாகக் காட்டும், இன்னொன்று நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனாக மட்டும் காட்டும். இரண்டாவதை 4.43-ஆல் பெருக்கினால்தான் முதலாவது கிடைக்கும். இந்தியக் குடிநீர்த் தரத்தின், லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பு நைட்ரேட்டாகச் சொன்னது. கிட் பிராண்ட் மாறும்போதெல்லாம் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பூஜ்யங்கள். இதுதான் எனக்கு மிகப் பெரிய கவலை. மருந்து தீர்ந்ததால் சோதிக்கப்படாத கிணற்றுக்கும் 0, சோதித்து ஒன்றும் இல்லாத கிணற்றுக்கும் 0. அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரி. சோதிக்கவே படாத ஒரு போர்வெல் பாதுகாப்பானது என்று வரைபடத்தில் பச்சையாக நிற்கும், பிள்ளைகள் அதைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரே நாளில் ஒரே ஆள் போட்ட புளோரைடு பூஜ்யங்கள் வரிசையாக வந்தால் உடனே கூப்பிட்டுக் கேளுங்கள். படிவத்தில் ‘சோதிக்கவில்லை’ என்று தனி விடை வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாத படிவத்தைக் களத்துக்கு அனுப்பவே கூடாது என்பது என் கருத்து.

## எண்ணும் படத்து நிறமும் ஒத்துப்போகவில்லை

கைப்பேசி கேமரா நிறத்தைத் தானாகவே ‘அழகாக்கும்’. மஞ்சள் பல்பின் கீழ், பச்சைச் சுவர் அருகில், மர நிழலில் எடுத்த படத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். திறந்த இடத்தில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் குப்பியையும் நிற அட்டையையும் ஒட்டி வைத்து ஒரே படமாக எடுங்கள். ஃபில்டர், நைட் மோட், பியூட்டி எல்லாம் அணைந்திருக்கட்டும். வாட்ஸாப்பில் வந்த படம் சுருக்கப்பட்டது, அதைப் படிவத்தில் ஏற்றாதீர்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால், இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் நம்மிடையே உண்டு, அதைச் சங்கடமில்லாமல் கேட்டு வேலையை மாற்றிக் கொடுக்கலாம்.

## ஒரே கிணறு இரண்டாக இருக்கிறது

ஊர்ப் பெயரை ஒருவர் தமிழில், ஒருவர் மலையாளத்தில், ஒருவர் ஆங்கில எழுத்தில் அடிப்பார். ஆங்கிலத்திலேயே கொழிஞ்சாம்பாறைக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. ‘பெரிய தோட்டத்துக் கிணறு’ என்ற பெயரில் எத்தனை கிணறுகள் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர், வார்டு, கிணறு எதையும் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்யும்படி படிவம் இருக்க வேண்டும். கிணற்றுச் சுவரிலோ மோட்டார் ரூம் கதவிலோ எண்ணைப் பெயின்டில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே குழம்பியதைப் பிரிக்க, இடப்புள்ளியையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீராததற்கு ஒருமுறை நேரில் போவதைத் தவிர வழியில்லை. ஊகத்தில் இரண்டு பதிவுகளைச் சேர்த்துவிட்டால் பின்னால் பிரிக்க முடியாது.

படிவம் மலையாளத்தில் திறந்து படிக்க முடியவில்லை என்றால், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு மொழியை மாற்றுங்கள். தமிழ் அங்கே இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். புரியாத கேள்விக்குப் பழக்கத்தில் போடும் விடை தரவாகாது.

## எக்செல்லில் தமிழ் புரியாத குறிகளாக வருகிறது

சர்வரில் தமிழ் சரியாகத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வரிலிருந்து இறக்கிய சி.எஸ்.வி. (அட்டவணை) கோப்பை நேராக இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செல்லின் ‘டேட்டா’ வழியாக உள்ளே எடுத்து, எழுத்துமுறையில் யூ.டி.எஃப்.-8 தேர்வு செய்யுங்கள். குறிகளாகத் திறந்த கோப்பைச் சேமித்துவிடாதீர்கள்.

நிற அட்டையைப் பார்த்து ‘1-2’ என்று எழுதியதை எக்செல் பிப்ரவரி முதல் தேதியாக மாற்றியிருக்கும். படிவத்திலேயே இதற்கு விடைப் பட்டியல் வைப்பது நல்லது, அல்லது உள்ளே எடுக்கும்போது அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள்.

தேதியே தப்பாக இருந்தால் போனின் கடிகாரம் கையால் மாற்றப்பட்டிருக்கிறது. தானாக நேரம் எடுப்பதைப் போட்டுவிட்டு, பழைய பதிவுகளை நோட்டைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

## கறுத்த குப்பிக்குப் பதிவு இல்லை

தண்ணீரில் கிருமி இருந்தால் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பியை இன்று நிரப்பினால், முடிவு 24 முதல் 48 மணி நேரத்தில்தான் தெரியும். படிவம் இன்றே அனுப்பப்பட்டுவிடுவதால் முடிவு எங்கும் ஏறுவதில்லை. குப்பி முடிவுக்குத் தனியாக ஒரு சின்னப் படிவம் இருக்க வேண்டும், அதே கிணற்று எண்ணோடு. நிரப்பியதும் போனில் இரண்டு அலாரம் வைத்துவிடுங்கள், குப்பியின் மேல் கிணற்று எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள். வைக்கும் இடம் 30 முதல் 37 டிகிரிக்குள் இருக்கட்டும். ஏ.சி. அறையில் வைத்தால் கறுக்க வேண்டியதும் கறுக்காது. ஊற்றிய உடனேயே கறுத்தால் அது கிருமியால் அல்ல, தண்ணீரிலேயே சல்பைடு இருக்கிறது. அதைக் குறிப்பில் எழுதி ஆய்வகத்துக்கு விடுங்கள்.

## எல்லாம் சரி, எண் மட்டும் வரம்புக்கு மேல்

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை என்றால் கோளாறு போனில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 புளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு நீர்வழி இல்லாத இடத்தில் 1.5 வரை. நம் சித்தூர் தாலுகாவின் கிழக்கே போர்வெல்லில் அதைத் தாண்டுவது புதிதல்ல.

அதே கிணற்றில், வேறு ஒருவர் கையால், மறுபடி ஒருமுறை சோதியுங்கள். மறுபடியும் தாண்டினால் அந்த இடத்திலிருந்து ஆய்வகத்தின் வேலை. கிட் சந்தேகத்தைக் கிளப்பத்தான், தீர்ப்புச் சொல்ல அல்ல. புளோரைடு மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள், கண்ணாடியில் வேண்டாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதைக் கழுவக் கூடாது, உள்ளே இருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு போங்கள், 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். பாட்டிலின் மேல் படிவத்தில் உள்ள அதே கிணற்று எண் இருக்கட்டும். இல்லையென்றால் ஆய்வக முடிவு எந்தக் கிணற்றுக்கு என்று போனில் தேட முடியாது.

வீட்டுக்காரருக்கு அன்றே சொல்லுங்கள், ஆய்வகத் தாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். குளிக்க, துணி துவைக்கப் பயமில்லை, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள். ‘காய்ச்சிக் குடிச்சா போதுமாங்க?’ என்று கட்டாயம் கேட்பார்கள். கிருமிக்குப் போதும். புளோரைடுக்கு ஆகாது, காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றி அது இன்னும் செறிவாகும். ஆய்வகத் தாள் வந்ததும் அதைப் படமெடுத்து அந்தக் கிணற்றின் பதிவோடு சேர்த்துவிட்டு, ஒரு நகலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.